புயல் அடிக்கும் ஊரில் வீட்டுக் கூரை: ஓடா, தகர ஷீட்டா, கான்கிரீட்டா?

வாசல்திண்ணை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூரையை மாற்றியே ஆகவேண்டிய நிலை. வீடு கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. செங்கல் சுவர், மண்சாந்துக் கட்டு, கான்கிரீட் தூண் எதுவும் கிடையாது. கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் மட்டும் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பெல்ட் ஓடுகிறது. மேலே சரிவாக இறங்கும் மரக் கைமரம், அதன் மேல் குறுக்கே அடித்த ரீப்பர், அதன் மேல் சுட்ட மண் ஓடு. இரண்டு பக்கச் சரிவு. முன்பக்கம் அதே கூரை நீண்டு வந்து தாழ்வாரமாக நிற்கிறது.

ஒவ்வொரு புயலுக்கும் ஓரத்து ஓடும் முகட்டு ஓடும் பறக்கின்றன. நடுவில் இருப்பவை பெரும்பாலும் அசைவதில்லை. போன தடவை தாழ்வாரப் பக்கம் வரிசையாகக் கிளம்பிவிட்டது.

விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கொத்தனார் கான்கிரீட் போடச் சொல்கிறார். ஷீட் போடுபவர் ஷீட்தான் என்கிறார். ஆசாரி, "கனமான கூரைதான் காற்றுக்கு நிற்கும், ஓட்டையே திரும்பப் போடுங்கள்" என்கிறார். அவரவர் தொழிலை அவரவர் சொல்கிறார்கள் என்று புரிகிறது. விற்க எதுவும் இல்லாதவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மழைச்சத்தம்

தகர ஷீட் போடுங்கள் அக்கா. சாதாரண ஜிங்க் ஷீட் வேண்டாம், அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய ஸ்டீல் ஷீட். ஒரே நீளமாக முகட்டிலிருந்து இறவாணம் (கூரையின் கீழ் ஓரம்) வரை வரும், நடுவில் இணைப்பே இருக்காது. பறப்பதற்குத் தனித்தனி ஓடு இல்லை. எங்கள் வீட்டில் போட்ட பிறகு பல புயல் பார்த்தாயிற்று, ஒரு ஸ்க்ரூ கூட அசையவில்லை. மழை பெய்யும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, அது ஒன்றுதான் குறை.

சுட்டமண்

ஒரு ஓடு போனால் ஒரு ஓட்டை மாற்றிவிடலாம். ஒரு ஷீட் போனால் பாதி வீடு திறந்துவிடும். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஓட்டுக் கூரை மூச்சு விடும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் காற்று போய் வரும். அதனால் மேலே உறிஞ்சும் காற்றும் உள்ளே இருக்கும் காற்றும் ஓரளவு சமனாகிவிடும். ஷீட்டில் அந்த வழி கிடையாது, முழு இழுப்பையும் அது வாங்கியே ஆகவேண்டும். நடு ஓடுகள் அசையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழுவிசை

சுட்டமண் சொல்லும் மூச்சுக் கணக்கு சரிதான். ஆனால் ஓட்டுக்குக் கீழே பலகையோ தார்ப்பாயோ அடைத்துப் போட்டிருந்தால் அது அவ்வளவாகச் செல்லாது. நான் கட்டட அமைப்புப் பொறியாளன். எதையும் விற்பதில்லை. முதலில் "கனமான கூரை நிற்கும்" என்பதைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பதை வர்க்கப்படுத்தி 0.613 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். கிலோ கணக்கில் சொன்னால், மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோ. 150இல் 108 கிலோ. 200இல் 193 கிலோ.

இது அடிப்படை அழுத்தம். காற்று கூரையைத் தாண்டும்போது அதைக் கீழே தள்ளுவதைவிட மேலே உறிஞ்சுவதே அதிகம். நடுப்பகுதியில் அந்த உறிஞ்சல் அடிப்படை அழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாகவோ அதை ஒட்டியோ இருக்கும். ஓரத்திலும் முகட்டிலும் அதைத் தாண்டும். மூலையில் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போகும். உங்கள் ஓரத்து ஓடுகள் மட்டும் கிளம்புவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது எடையைப் பாருங்கள். சுட்ட மண் ஓடு சதுர மீட்டருக்கு 45 கிலோவை ஒட்டி இருக்கும். அரை மில்லிமீட்டர் ஸ்டீல் ஷீட் 5 கிலோ கூட வராது. 12 செ.மீ. கான்கிரீட் தளம் 300 கிலோ. அதாவது, சும்மா அடுக்கி வைத்த ஓடு 100 கிலோமீட்டர் காற்றிலேயே மூலையில் தோற்றுவிடும். ஷீட்டுக்கு எடை என்ற பேச்சே கிடையாது, ஸ்க்ரூதான் எல்லாம். எடையை மட்டும் நம்பி நிற்கக்கூடியது கான்கிரீட் ஒன்றுதான்.

செய்தியில் சொல்லும் புயல் வேகம் சில நிமிடங்களின் சராசரி என்பதையும் நினைவில் வையுங்கள். கூரையைப் பிடுங்குவது சில வினாடி மட்டும் வரும் வீச்சு. அது சராசரியைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும்.

மொட்டைமாடி

பார்த்தீர்களா, கடைசியில் கான்கிரீட்தான். புயல் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். எதற்கு இவ்வளவு யோசனை?

இழுவிசை

மொட்டைமாடி சார், காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் இவர்கள் வீட்டில் மண்சாந்துச் சுவர், தூண் இல்லை. ஓட்டுக் கூரையை விட ஆறேழு மடங்கு எடையை அந்தச் சுவர் மேல் ஏற்றும் முன் சுவரையும் அஸ்திவாரத்தையும் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். நிலநடுக்கம் வரக்கூடிய இடமாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். காற்றில் நம்மைக் காக்கும் அதே எடைதான் நிலம் ஆடும்போது எதிரியாகும்.

கடலோரத்தில் கம்பி துருப்பிடிப்பது இன்னொரு தொல்லை. கம்பிக்கு மேல் கான்கிரீட் கனம் குறைவாக இருந்தால் உப்பு உள்ளே போய், கம்பி துருத்து ஊதி, அடிப்பூச்சு பெயர்ந்து விழும். இது புயலில் நடக்காது. சத்தமில்லாமல் வருடக்கணக்கில் நடக்கும்.

கைப்பிடிச் சுவர் கட்டியிருந்தால் தண்ணீர் இறங்கும் குழாயைப் புயலுக்கு முன் பார்த்தே ஆகவேண்டும். இலையும் குப்பையும் அடைத்து 10 செ.மீ. தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடுதல் பாரம்.

வாசல்திண்ணை

எங்கள் சுவரைப் பார்த்த இன்ஜினியரும் கான்கிரீட் வேண்டாம் என்றுதான் சொன்னார். கட்டினால் சுவரோடு சேர்த்துப் புதிதாகக் கட்ட வேண்டுமாம். அது இப்போதைக்கு முடியாது. ஆகவே ஓடா, ஷீட்டா என்பதுதான் கேள்வி.

மழைச்சத்தம் தம்பி, ஒரே நீள ஷீட் என்று சொன்னது பிடித்திருக்கிறது. ஓட்டை இறக்கிவிட்டு அதே ரீப்பர் மேல் ஷீட்டை அடித்துவிடலாம் என்கிறார் வேலைக்காரர். சரிதானே?

கைமரம்

வேண்டாம் அக்கா. இந்த வேலைக்குத்தான் பயப்பட வேண்டும்.

நான் கூரை வேலை செய்பவன். ஓடும் போடுவேன், ஷீட்டும் போடுவேன். புயலுக்குப் பிறகு கூப்பிட்டுப் போகும் வீடுகளில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: ஷீட்டில் ஸ்க்ரூ நன்றாகவே பிடித்திருக்கும், ஷீட்டும் ரீப்பரும் ஒன்றாகச் சேர்ந்து அப்படியே பக்கத்து வயலில் கிடக்கும். ரீப்பருக்கும் கைமரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஆணி. அந்த ஆணி ஓட்டின் எடையைத் தாங்க, ஓடு வழுக்காமல் இருக்க அடித்தது. மேலே இழுத்தால் வழுவழுவென்று உருவிக்கொண்டு வந்துவிடும்.

ஓடு இருந்தவரை அதன் எடை முழுக் கூரையையும் கீழே அமுக்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிட்டு லேசான ஷீட்டைப் போட்டால் அமுக்க ஆள் இல்லை. சுட்டமண் அண்ணன் சொன்ன சந்தும் இல்லை. இழுப்பு முழுவதும் ஷீட்டிலிருந்து ரீப்பருக்கு, ரீப்பரிலிருந்து கைமரத்துக்கு, கைமரத்திலிருந்து சுவருக்குப் போகும். எந்த இடத்தில் பிடிப்பு சொத்தையோ அந்த இடத்தில் பிரியும்.

இழுவிசை

கைமரம் சொன்னதற்கு ஆவணமே இருக்கிறது. 1974 டிசம்பர் 25 விடியலில் ட்ரேசி புயல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தைத் தாக்கியது. மணிக்கு 217 கிலோமீட்டர் வரை பதிவு செய்தபின் விமான நிலையத்துக் காற்றளவி பழுதாகிவிட்டது. நகரத்தின் பெரும்பாலான வீடுகள் அழிந்தன. அவற்றில் மிகப் பல தகரக் கூரை வீடுகள்.

காரணத்தைத் தேடியபோது ஒன்று தெரிந்தது. ஷீட்டை ஒரே இழுப்பாக இழுத்துப் பார்த்த சோதனைகளில் அது தாங்கியிருந்தது. புயல் அப்படி இழுப்பதில்லை. மணிக்கணக்கில் விட்டுவிட்டு இழுக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஷீட் ஸ்க்ரூவைச் சுற்றி வளைந்து நிமிர்ந்து, கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல அங்கே விரிசல் விட்டது. ஸ்க்ரூ துளை பெரிதாகி, ஸ்க்ரூ தலையைத் தாண்டி ஷீட் மேலே போய்விட்டது. ஸ்க்ரூ மரத்திலேயே நின்றது. அதன்பிறகுதான் ஆயிரக்கணக்கான தடவை இழுத்து விட்டுப் பார்க்கும் சோதனையும், ஸ்க்ரூ தலைக்குக் கீழே பாரத்தைப் பரப்பும் அகன்ற வாஷரும் அங்கே வழக்கத்துக்கு வந்தன.

கதை அதோடு முடியவில்லை. 2006இல் அதே நாட்டில் லாரி என்று பெயர் வைத்த புயல் வந்தபோது, பழைய வீடுகளில் கூரை ஷீட்டை மட்டும் புதிதாக மாற்றி, அடியில் இருந்த ரீப்பர் இணைப்பை அப்படியே விட்ட இடங்களில் ரீப்பரோடு சேர்ந்து கூரை கிளம்பியது. மேல் இணைப்பைப் பலப்படுத்தினால் பாரம் அடுத்த இணைப்புக்குப் போகும், அவ்வளவுதான். வாசல்திண்ணை கேட்ட கேள்விக்கு இதுவே நேர் பதில்.

எவ்வளவு பாரம் என்று ஒரு மதிப்பு வேண்டுமானால்: வீடு 5 மீட்டர் அகலம், கைமரம் ஒரு மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 கிலோமீட்டர் காற்றில் ஒவ்வொரு கைமரமும் சுவரில் உட்காரும் இடத்தில் 250 முதல் 300 கிலோ மேல்நோக்கி இழுக்கும். ஜன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால் உள்ளேயிருந்தும் தள்ளும். அப்போது 400ஐத் தாண்டலாம். சாய்த்து அடித்த இரண்டு ஆணிக்கு இந்தப் பாரத்தோடு சம்பந்தமே இல்லை.

ஜன்னலோரம்

ஜன்னல் என்றதும் ஒரு சந்தேகம். புயல் நேரத்தில் காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் வெளியேறும், கூரை தப்பிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்களே?

இழுவிசை

திறக்க வேண்டாம். காற்று புயலின் போக்கில் திசை மாறும். புயலின் கண் நேராகக் கடந்தால் நேர் எதிர்த் திசையிலிருந்தே அடிக்கும். நீங்கள் திறந்து வைத்த எதிர்ப்பக்கம் அப்போது காற்றுப்பக்கம் ஆகிவிடும். எல்லாவற்றையும் சாத்தி, கண்ணாடிக்கு வெளியே பலகை அடைப்பதுதான் கூரைக்கு நல்லது. கூரையைக் காப்பதில் ஜன்னலுக்கும் பாதிப் பங்கு உண்டு என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை.

வாசல்திண்ணை

சரி, இப்போது கொஞ்சம் தலை சுற்றுகிறது. ஓட்டையே வைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்? ஷீட் போட்டால் என்ன செய்ய வேண்டும்? வேலைக்காரரிடம் சொல்லும் அளவுக்குத் தெளிவாக யாராவது சொல்லுங்களேன்.

சுட்டமண்

ஓட்டுக்கு நான் சொல்கிறேன். ஓரத்தில் இரண்டு மூன்று வரிசை, முகட்டின் இரு பக்கமும், முக்கோணச் சுவர் ஓரம், தாழ்வாரம் முழுவதும், ஒவ்வொரு ஓட்டையும் ரீப்பரோடு கட்ட வேண்டும். ஓட்டின் அடியில் காதோ துளையோ இருக்கும். துருப்பிடிக்காத கம்பியோ கிளிப்போ போட்டுக் கட்டலாம், துளையுள்ள ஓடு என்றால் ஸ்க்ரூ. நடுப்பகுதியில் ஒன்று விட்டு ஒன்றாவது கட்டுங்கள். முகட்டு ஓட்டைச் சிமென்ட் கலவையில் மட்டும் பதித்து நிறுத்தக்கூடாது. கலவை வெயிலில் விரிசல் விட்டுப் பிடிப்பு போய்விடும். பார்க்க உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும்.

இழுவிசை

முகட்டு ஓடு பற்றி சுட்டமண் சொன்னதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபின் பார்த்தபோது, கலவைப் பிடிப்பு விட்டுப்போன ஓடுகளும், ஆணி அடிக்காத முகட்டு ஓடுகளும் பரவலாகப் போயிருந்தன. பறந்த ஓடு அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்கும், ஜன்னல் உடைந்தால் அந்த வீட்டுக் கூரை போகும். ஓட்டின் பெரிய குறை இதுதான். போனால் தனியாகப் போகாது.

கைமரம்

ஷீட்டுக்கு நான். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழேயிருந்து தொடங்குங்கள் அக்கா. முதலில் சுவர் உச்சி. உங்கள் சுவர் மண்சாந்து என்பதால் அதன் உச்சியில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பெல்ட் போட வேண்டும். அதிலிருந்து கம்பி சுவருக்குள் இறங்கி லிண்டல் பெல்ட்டைப் பிடிக்க வேண்டும். உச்சி பெல்ட்டை மட்டும் சுவர் மேல் வைத்துவிட்டால் கூரை அதையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். சுவரின் எடையையும் கூட்டாளியாக்கிக்கொள்ள வேண்டும். பெல்ட் போடும்போதே ஒவ்வொரு கைமரத்துக்கும் நேராக ஒரு போல்ட்டோ இரும்புப் பட்டையோ நிறுத்திவிடுங்கள். அப்புறம் துளை போட்டு ஒட்டுவது இந்த வேலைக்கு ஆகாது.

கைமரத்தை அந்தப் பட்டையால் மேலே சுற்றி இருபக்கமும் பிடிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய பட்டை. ஆணியோ ஸ்க்ரூவோ பட்டை வழியாகக் கைமரத்தின் பக்கவாட்டில் போக வேண்டும், அப்போதுதான் இழுப்பு அதை உருவாது, குறுக்கே வெட்டத்தான் பார்க்கும். முகட்டில் எதிரெதிர் கைமரங்களையும் ஒன்றோடொன்று பட்டை போட்டுக் கட்டுங்கள்.

அடுத்து ரீப்பர். ஓட்டு ரீப்பரைக் கழற்றிவிட்டுக் கனமான ரீப்பர் போடுங்கள். ஒவ்வொரு கைமரத்தைத் தாண்டும் இடத்திலும் பட்டை அல்லது நீள ஸ்க்ரூ. ஓரத்திலும் முகட்டுப் பக்கமும் ரீப்பர் இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள். பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி வைத்துவிடுவார்கள், கணக்குக்கு எளிது என்று. கூட நின்று பாருங்கள்.

கடைசியாக ஷீட். ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ. மரத்துக்கு வேறு மரை, இரும்புக்கு வேறு மரை, மாற்றிப் போட்டால் பிடிக்காது. மரத்துக்குள் 35 மி.மீ.யாவது இறங்க வேண்டும். ஓரங்களில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்க்ரூ. நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு. ரப்பர் லேசாக அமுங்கினால் போதும். வெளியே பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் ஷீட் குழிந்து அங்கேயே ஒழுகும், இழுவிசை சார் சொன்ன விரிசலும் அங்கேதான் தொடங்கும். டிரில் மிஷின் வேகத்தில் இதில்தான் அவசரப்படுவார்கள்.

ஜே போல்ட் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இழுத்தால் கொக்கி விரிந்துவிடும். ரீப்பருக்குப் பதில் வரும் இரும்புக் குழாய் பர்லினில் போல்ட்தான் போட வேண்டும் என்றால் யு போல்ட்.

மழைச்சத்தம்

கைமரம் அண்ணன் எழுதியதைப் பிரின்ட் போட்டு வைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் பட்டை போட்டிருக்கிறதா என்று மேலே ஏறிப் பார்க்கப்போகிறேன்.

நீலக்குடை

ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் பற்றி யாரும் சொல்லவில்லையே? சூடு கொஞ்சம் குறைவு, சத்தமும் இல்லை, துருவும் இல்லை.

இழுவிசை

வேண்டவே வேண்டாம். அது வளையாது, உடையும். பறந்து வரும் ஒரு கிளை போதும். உடைந்த தூளில் இருக்கும் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பல நாடுகளில் தடையே இருக்கிறது. பழைய ஷீட் இருந்தால் அதை உடைத்து இறக்காதீர்கள், காய்ந்த நிலையில் அறுக்கவோ துளையிடவோ கூடாது. நனைத்து, முழு ஷீட்டாக, தெரிந்த ஆளை வைத்து இறக்குங்கள்.

உப்புக்காற்று

ஸ்க்ரூ, பட்டை எல்லாம் சரி. கடலோரத்தில் இருப்பவள் என்ற முறையில் துருவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். முதல் வருடம் 200 கிலோமீட்டர் காற்றுக்கு நிற்கும் கூரை, துருப்பிடித்த பத்தாவது வருடம் பாதிக் காற்றில் போய்விடலாம்.

ஷீட் வாங்கும்போது இரண்டு எண் கேளுங்கள். ஒன்று, ஸ்டீலின் கனம். பூச்சும் பெயின்ட்டும் சேர்த்து 0.5 என்று சொல்லி விற்பார்கள், உள்ளே ஸ்டீல் குறைவாக இருக்கும். இரண்டு, பூச்சின் அளவு. சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று வரும். அலுமினியம், துத்தநாகம் கலந்த பூச்சில் 150 கிராம் என்பது பொதுவான அளவு, கடலை ஒட்டினால் 200 கேட்கலாம். அந்தப் பூச்சில் அலுமினியம் 55 சதவீதம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். அலுமினியம் இருப்பதால் ஈரச் சிமென்ட் அதற்கு ஆகாது. முகட்டிலோ சுவர் ஓரத்திலோ கலவை பூசி அடைக்கும் பழக்கத்தை ஷீட்டில் விட்டுவிடுங்கள், அந்த இடம் முதலில் அரித்துப்போகும். செம்புக் கம்பியோ செம்புக் குழாயோ மேலிருந்து சொட்டும்படி வைக்கவும் கூடாது.

முழு அலுமினிய ஷீட் உப்புக்கு இன்னும் நல்லது. ஆனால் மிருது. 0.7 மி.மீ.க்குக் குறைந்தால் நான் தொடமாட்டேன், ரீப்பரையும் நெருக்கிப் போட வேண்டும்.

ஷீட்டை கிரைண்டரில் அறுக்க விடாதீர்கள். சூட்டில் பூச்சு கருகும், பறக்கும் இரும்புப் பொறி ஷீட் மேல் ஒட்டி ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளி ஆகும். கத்தரி அல்லது நிப்ளர் (தகட்டைக் கடித்து வெட்டும் கருவி) வைத்து வெட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்த அன்றே கூரையைப் பெருக்கித் துளையிட்ட தூளை அகற்ற வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: மழை படாத இடம்தான் முதலில் துருவேறும். இறவாணத்தின் அடிப்பக்கம், தாழ்வாரத்தின் அடிப்பக்கம். மேலே உப்பை மழை கழுவிவிடும், அடியில் கழுவ ஆள் இல்லை. அவ்வப்போது நல்ல தண்ணீரை அடித்துவிடுங்கள்.

வெளியூர்க்காரன்

நான் இருக்கும் நாட்டில் தார் ஷிங்கிள்தான் எல்லா வீட்டிலும், அதாவது பலகை மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அடிக்கும் தார்ப் பட்டைகள். இதற்கும் ஏதாவது சொல்லுங்களேன்.

இழுவிசை

ஷிங்கிளில் பிடிப்பு ஆணி பாதி, அடியில் இருக்கும் பசைக்கோடு பாதி. வெயிலில் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். வயதாக ஆக அது விடத் தொடங்கும், கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு ஷிங்கிளுக்கும் நான்கு ஆணிக்குப் பதில் ஆறு, அதுவும் ஆணிக்கோட்டிலேயே. ஷிங்கிளுக்கான அமெரிக்கக் காற்றுச் சோதனையான ஏஎஸ்டிஎம் டி7158இல் எச் வகுப்பு என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் அளவுக்குத் தேர்ச்சி. புதிய ஷிங்கிளுக்கு என்று சேர்த்துப் படியுங்கள். ஷிங்கிளைப் பிரிக்கும்போது கீழே இருக்கும் பலகையை வளைய மரை ஆணியால் மறுபடி அடித்து, பலகை இணைப்புகளுக்கு மேல் ஒட்டுப்பட்டை போட்டுவிடுங்கள். மேலே ஷிங்கிள் போனாலும் மழை வீட்டுக்குள் வராது. கூரை பிடுங்கப்படாமலே வீணாகும் வீடுகள் ஏராளம், எல்லாம் தண்ணீரால்.

சுட்டமண்

கூரையின் வடிவத்தைப் பற்றிப் பேசவே இல்லையே? இரண்டு பக்கச் சரிவில் முக்கோணச் சுவர் இரண்டும் தனியாக நின்று காற்றை வாங்கும். நாலு பக்கமும் சரிந்த கூரைக்கு அந்தத் தொல்லை கிடையாது. பழைய வீடுகளில் நாலு சரிவு வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

இழுவிசை

உண்மை. சரிவு 30 பாகையை ஒட்டி இருந்தால் உறிஞ்சலும் குறையும், தட்டையாக ஆக ஆகக் காற்றடிக்கும் ஓரத்தில் கூடும். ஆனால் வாசல்திண்ணை கைமரத்தை முழுவதும் மாற்றப்போவதில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் முக்கோணச் சுவரின் சரிவு ஓரத்திலும் ஒரு பெல்ட் போட்டு, அதை உள்ளே இருக்கும் கைமரங்களோடு குறுக்குச் சட்டத்தால் இணைத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் எனக்கு அதிகக் கவலை தாழ்வாரம்தான். மூன்று பக்கம் திறந்தது. மேலே உறிஞ்சும், அடியிலிருந்து முட்டும், இரண்டும் ஒரே திசை. அது பிரதானக் கூரையின் தொடர்ச்சியாக இருப்பதால், கிளம்பும்போது வீட்டுக் கூரையையும் பிடித்து இழுக்கும். தாழ்வாரத்தைத் தனிக் கூரையாகச் சுவரில் சற்றுக் கீழே இறக்கிப் போடுங்கள். தூண்களை அடியில் நன்றாக நங்கூரமிடுங்கள். மீறிப் போனால் அது மட்டும் போகட்டும். வீட்டுக் கூரையின் இறவாணம் சுவரைத் தாண்டி அரை மீட்டருக்குள் இருந்தால் நல்லது.

ஜன்னலோரம்

கூரை மேல் சோலார் தகடு வைக்கலாமா?

கைமரம்

வைக்கலாம், கைமரத்தைப் பிடித்து வைத்தால். ஷீட்டை மட்டும் பிடித்து வைத்தால் தகட்டோடு ஷீட்டும் போகும். ஓரத்திலும் மூலையிலும் வைக்காதீர்கள்.

வாசல்திண்ணை

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். ஷீட்தான் என்று முடிவு. காரணம், ஓட்டை ஒவ்வொன்றாகக் கட்டினாலும் பட்டை, பெல்ட் வேலை எப்படியும் செய்தாக வேண்டும், அப்புறம் பறக்கும் ஓடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மேல் விழுந்துவிடக் கூடாது என்ற பயமும் இருக்கிறது. சுட்டமண் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அலுமினியம், துத்தநாகம் பூசிய ஷீட், 200 கிராம். சுவர் உச்சியில் பெல்ட். தாழ்வாரம் தனியாக. பட்டை வேலை முடிந்ததும் ஷீட் ஏறுவதற்கு முன் படம் எடுத்து இங்கே போடுகிறேன். சூட்டுக்கு அடியில் சீலிங் போடலாம் என்று யோசனை, ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே கண்ணாடிநார் போர்வை. மழைச் சத்தமும் குறையுமாம்.

சுட்டமண்

கோபம் எதற்கு அம்மா. இறக்கும் ஓட்டை உடைக்காமல் அடுக்கி வையுங்கள், யாராவது கேட்டு வருவார்கள்.

உப்புக்காற்று

சீலிங் போடும்போது முகட்டிலும் இறவாணத்திலும் காற்று போய்வர வலையடித்த சிறு வழி விடுங்கள். இல்லையென்றால் ஷீட்டின் அடியில் வியர்த்துச் சொட்டி, போர்வை நனைந்து, மரமும் கெடும். சீலிங்கில் ஆள் ஏறிப் பட்டைகளைப் பார்க்க ஒரு திறப்பும் வேண்டும்.

கைமரம்

படம் போடும்போது மூலையில் இருக்கும் கைமரங்களைக் கிட்டத்தில் எடுங்கள் அக்கா. பட்டை எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது, அதில் எத்தனை ஆணி என்று தெரிய வேண்டும். பட்டையில் துளை எட்டு இருந்தால் எட்டிலும் ஆணி இருக்க வேண்டும். அவசரத்தில் மூன்றோடு விட்டுவிடுவார்கள்.